மலைக்கு இந்த வருஷம் குளிர்காலம் இல்லை

1

இங்கே ஜேர்மனியில் அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கடிகாரங்களையும் ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பி வைப்பார்கள். குளிர் வரப்போகிறது, கம்பளி உடுப்பை எடுத்து வெளியே வை என்று அரசாங்கமே வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போகிற மாதிரி இருக்கும். மூன்று வருஷமாக அந்த நாளில் எங்கள் வீட்டில் இன்னொரு வேலையும் நடந்து வந்தது. நானும் என் மகன் அரவிந்தும் கெல்லருக்கு, அதாவது வீட்டுக்கு அடியில் இருக்கும் நிலவறைக்கு, இறங்கிப் போய்ப் பாம்புக் கூண்டின் சூட்டைக் குறைப்போம்.

போன ஞாயிறு கடிகாரத்தை மட்டும்தான் திருப்பினேன். கூண்டின் சூடு அப்படியே இருக்கிறது. ஏன் என்று ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதவேண்டும் போல இருந்தது.

பாம்பா, அதுவும் வீட்டுக்குள்ளா என்று நீங்கள் கேட்பது மாத்தளையிலிருந்து இங்கே வரைக்கும் கேட்கிறது. ஆமாம், வீட்டுக்குள்தான். அதுவும் சாரை, தண்ணீர்ப்பாம்பு என்று சின்னதாக ஒன்றும் இல்லை. நம் ஊர் மலைப்பாம்பின் ஒன்றுவிட்ட சகோதரி, பர்மாக்காரி. இரண்டு ஆள் உயரத்துக்கு நீளம். தூக்கக் கட்டாயம் இரண்டு பேர் வேண்டும். என் மனைவி செல்வி இந்த ஏழு வருஷத்தில் ஒரு நாள்கூட கெல்லரின் கடைசிப் படியைத் தாண்டியதில்லை. அங்கே வைத்திருக்கும் ஊறுகாய்ப் போத்தல் வேண்டுமென்றாலும் படியில் நின்று கையை நீட்டித்தான் வாங்குவாள்.

2

அரவிந்துக்குப் பதினான்கு வயது நடக்கும்போது அந்தப் பர்மாக்காரி வந்தாள். அப்போது ஒரு குடை நீளம்தான் இருப்பாள். கூடப் படித்த ஒருவனின் வீட்டில் கொடுத்தார்கள் என்று பெட்டியோடு வந்து நின்றான். ஜேர்மன் மொழியில் என்னவோ ஒரு பெயர் சொன்னான். பெட்டியைத் திறந்து உடம்பில் இருந்த திட்டுகளைப் பார்த்ததும், "இது நம்ம மலைப்பாம்புடா" என்றேன். முழுச் சொல்லும் அவன் வாயில் நிற்கவில்லை. பாதியை வெட்டிப் பெயராக வைத்துவிட்டான். அப்படித்தான் அவள் மலை ஆனாள்.

இந்த நாட்டில் அப்படிப்பட்ட பாம்பை வைத்திருந்தால் பதிய வேண்டும். மகன் சின்னவன் என்பதால் நான்தான் கையெழுத்துப் போடப் போனேன். இந்தப் பாம்பு எங்கே பொரித்தது, தாய் எது, தகப்பன் எது என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா கேட்டார். எல்லாவற்றுக்கும் அத்தாட்சி இருந்தது. என் தகப்பனார் எங்கே பிறந்தார் என்பதை ஓர் அதிகாரிக்கு நிரூபிக்க முடியாமல் எங்கள் குடும்பம் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. வீட்டுக்கு வந்து செல்வியிடம் சொன்னேன். "பாம்பு குடுத்து வச்சது" என்றாள்.

பிள்ளையின் தமிழைப் பற்றியும் சொல்லவேண்டும். அவனுக்குத் தெரிந்த தமிழெல்லாம் நாங்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடம் பேசுவதைக் கேட்டுப் பொறுக்கியது. அதனால் பாம்புக்கும் மரியாதை கொடுத்துவிட்டான். "அவங்க இன்னைக்குச் சாப்பிட மாட்டாங்க அப்பா. சட்ட கழட்டப் போறாங்க" என்பான். முதலில் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு திருத்தினோம். திருத்தினால் வாயையே மூடிக்கொள்கிறான் என்று கண்டபிறகு அதையும் விட்டுவிட்டோம்.

வளர வளர அவன் பேச்சு குறைந்துகொண்டே போனது. மேலே சாப்பாட்டு மேசையில் நாங்கள் தமிழில் ஒன்று கேட்டால் ஜேர்மனில் ஒரு சொல் பதிலாக வரும். ஆனால் கெல்லரில் வேறு பிள்ளை. கூண்டைக் கழுவிக்கொண்டே, தண்ணீர்த் தொட்டியை மாற்றிக்கொண்டே, பள்ளிக்கூடத்துக் கதை, கூட்டாளிகளின் கதை எல்லாம் பாதித் தமிழும் பாதி ஜேர்மனுமாகச் சொல்லுவான். நானும் ஊரில் நான் வளர்ந்த தோட்டத்துக் கதைகளைச் சொல்லுவேன். படிப்புக்காக வேறு நகரத்துக்குப் போனபிறகும் பாம்புக்காக வந்துகொண்டிருந்தான். பாம்பை எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம் என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

3

மூன்று வருஷத்துக்கு முன்பு வீடு மாறிப்போன ஒரு குடும்பம் தங்களுடைய ஆண் பாம்பை எங்களிடம் விட்டுப்போனது. பெயர் புரூனோ. மலையில் பாதி நீளம். பக்கத்துக் கூண்டில் அவனுக்கு இடம் செய்தோம். அன்றைக்கு அரவிந்துக்கு ஆசை பிறந்தது, இரண்டையும் சேர்த்தால் என்ன என்று.

"பொண்ணு பாக்குற வயசு வருது இவனுக்கு. இவன் பாம்புக்கு மாப்பிள பாக்குறான்" என்று செல்வி படியில் நின்று சொன்னாள்.

பாம்புக்கு மாப்பிள்ளை பார்ப்பதும் லேசான காரியம் இல்லை. பெண்ணுக்கு வயது வரவேண்டும், எடை சேரவேண்டும், உடம்பில் உண்ணியோ நோயோ இருக்கக்கூடாது. இலையுதிர் காலத்தில் இரையை நிறுத்தவேண்டும். பகல் விளக்கைச் சுருக்கி, இரவுச் சூட்டையும் மெல்ல மெல்ல இறக்கவேண்டும். குளிர்காலம் வந்துவிட்டது என்று அவள் உடம்பு நம்பினால்தான் முட்டைக்குத் தயாராகும். அதற்குப் பிறகு ஆணை அவள் கூண்டில் விடவேண்டும். விட்டால் முப்பதோ நாற்பதோ முட்டை.

அங்கேதான் அரவிந்து தயங்கி நின்றான். நின்றது சரிதான்.

"குட்டி எல்லாம் அழகா இருக்கும் அப்பா. எல்லாரும் வாங்குவாங்க. மூணு வருஷத்துல அவங்க இந்தக் கதவு அளவுக்கு வளந்துருவாங்க. அப்ப வாங்கினவங்க வேணாம்னு சொல்லுவாங்க" என்றான். அவன் சொன்னதை நானே கண்ணால் பார்த்தேன். பக்கத்து நகரத்தில் கைவிட்ட பாம்புகளை வைத்துப் பார்க்கும் இடத்துக்கு ஒரு தடவை கூட்டிப்போனான். கூண்டுக்கு மேல் கூண்டாக அடுக்கி வைத்திருந்தார்கள். இனி எடுக்க இடமில்லை என்று வாசலிலேயே எழுதி ஒட்டியிருந்தது. சிலர் காரில் கொண்டுபோய்க் காட்டில் விட்டுவிடுகிறார்களாம். முதல் பனியிலேயே விறைத்துச் செத்துப்போகுமாம்.

எல்லாக் குட்டிக்கும் முன்கூட்டியே ஒரு வீடு உறுதியாக வேண்டும், வீடு கிடைக்காததைக் கடைசிவரை நாமே வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவன் தனக்கே ஒரு சட்டம் போட்டுக்கொண்டான். எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்ன நம்பிக்கையான ஆட்களை விரல் விட்டு எண்ணலாம்.

ஆனாலும் வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. முதல் வருஷம் சூட்டை இறக்கினோம், அவளுக்கு எடை போதாது, பிறகு பார்ப்போம் என்றான். இரண்டாம் வருஷமும் இறக்கினோம், அவனுக்குப் பரீட்சை வந்தது, பிறகு பார்ப்போம் என்றான். மூன்றாம் வருஷம் குட்டிகளுக்கு வீடு சேரவில்லை. ஒவ்வொரு தடவையும் ஆயத்தம் முழுவதும் நடக்கும். கடைசியில் புரூனோவை மட்டும் விடமாட்டோம். அந்தக் குளிர்காலங்கள் முழுக்க ஒவ்வொரு சனிக்கிழமையும் பிள்ளை ரயிலேறி வந்துவிடுவான். அவன் பிறகு என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

4

இனி என் அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் ராஜேஸ்வரி. மாத்தளைப் பக்கம் பலாபத்வலைக்கு மேலே இருந்த தோட்டத்தில் பிறந்து வளர்ந்தோம். கொக்கோ, மிளகு, கொஞ்சம் ரப்பர். சுதந்திரத்துக்குப் பிறகு எங்கள் தோட்டத்துச் சனம் எந்த நாட்டுப் பிரஜையும் இல்லாமல் நின்றது. எங்கள் அப்பா இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டவர். அக்கா கட்டிக்கொண்ட வீட்டார் இந்தியாவுக்கு எழுதிப்போட்டவர்கள். ஒரே லயத்து வரிசையில் அடுத்தடுத்த காம்பரா அறைகளில் இரண்டு நாட்டுக்காரர்கள் ஒரே பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்த காலம் அது.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்த வருஷம் அக்காவுக்குக் கல்யாணம். அதற்கு முந்தின பஞ்சத்தில் மரவள்ளிக் கிழங்கு தின்றே மெலிந்திருந்தாள். அத்தான் நல்ல மனிதர், அக்காமேல் உயிரையே வைத்திருந்தார்.

"புள்ள இந்தியாவுல போய்ப் பொறக்கட்டும் ராஜி. அங்க பொறந்தா அந்த ஊருப் புள்ள. இங்க பொறந்தா எந்த ஊருமில்லாத புள்ளயாப் போயிரும்" என்பார்.

அக்காவும் சரி என்றாள். இன்னொரு பயமும் இருந்தது. பாஸ்போட்டுக்கு எழுதியபிறகு பிள்ளை பிறந்தால் பெயர் சேர்க்க எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கவேண்டும், முறை தவறிப்போகும் என்று லயத்தில் ஒரு பேச்சு. உண்மையா பொய்யா என்று கண்டியில் இருந்த இந்தியத் தூதர் அலுவலகத்துக்குப் போய் விசாரித்தவர் ஒருவரும் இல்லை. எங்கள் லயத்தில் அப்படிப் பிள்ளையைத் தள்ளிப்போட்டது அக்கா மட்டுமல்ல. யார் வீட்டிலாவது பிள்ளை பிறந்தால், அவசரப்பட்டுவிட்டார்கள் என்று பேசினார்கள். நம் சனங்களைத் தவிர வேறு யார் பிள்ளை பெறுவதற்கு இந்தியாவுக்குப் போகும் கப்பலைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்?

பாஸ்போட் வந்தது, தோட்டத்தில் வரவேண்டிய பணத்தின் கணக்கு முடியவில்லை. கணக்கு முடிந்தபோது அத்தானின் அம்மா படுக்கையில் விழுந்துவிட்டார். அவர் போய்ச் சேர்ந்ததும் எண்பத்து மூன்று கலவரம் வந்தது. மாத்தளையில் நான் வேலை செய்த கடை எரிந்தது. மறுவருஷம் தலைமன்னார்க் கப்பல் நின்றது. அதற்குப் பிறகு நான் கிழக்கு பெர்லினில் இறங்கி இந்தப் பக்கம் வந்து சேர்ந்தேன். அக்கா கட்டிவைத்த தகரப் பெட்டியை அவிழ்க்காமல் அங்கேயே இருந்தாள்.

அந்த நாட்களில் அவள் எழுதுகிற ஒவ்வொரு கடிதத்திலும், அடுத்த வருஷம் கப்பல் ஓடுமாம் தம்பி என்று ஒரு வரி இருக்கும். எனக்கு இங்கே கல்யாணமாகி அரவிந்து பிறந்தபோது, மருமகனுக்கு மை வைத்து விடு என்று எழுதினாள். அதற்குப் பிறகு ஒரு நாள் கப்பலைப் பற்றி எழுதுவதை நிறுத்திவிட்டாள். அத்தான் கலேவெலப் பக்கம் வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். சில வருஷத்துக்கு முன்பு புதுச் சட்டம் வந்து அக்காவையும் இலங்கைப் பிரஜையாக்கிவிட்டார்கள். இருந்த காம்பராவை விட்டு நகராமலே ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டாள். பிள்ளை மட்டும் இல்லை.

5

இந்த வருஷம் சித்திரை மாதம் மலை முட்டை போட்டுவிட்டாள். ஆணோடு சேராமலே. அப்படியும் நடக்கும் என்று அரவிந்து படித்திருந்தான். நான் கேள்விப்பட்டதே இல்லை. காலையில் விளக்குப் போடப் போனவன் பார்த்துத் திகைத்து நின்றேன். வெள்ளையாக முட்டை மாதிரியும் இல்லை. மஞ்சள் மஞ்சளாக, கட்டி கட்டியாக, கருவே இல்லாத வெறும் உருண்டைகள். அவள் அவற்றைச் சுற்றி வளைந்து, தலையை நடுவில் வைத்துப் படுத்திருந்தாள். உடம்பு விட்டு விட்டுத் துடித்தது. அடைகாக்கும்போது சூடு உண்டாக்க அப்படித் துடிக்குமாம்.

அரவிந்து ரயிலேறி வந்தான். அழுகுவதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும் என்றான். நான் அவள் தலைமேல் துவாயைப் போட்டுப் பிடித்துக்கொண்டேன். அவன் ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் போட்டான். எடுத்து முடிந்தபிறகும் அவள் அந்த வெறும் இடத்தைச் சுற்றியே நாள்கணக்கில் கிடந்தாள். இரை வைத்தால் திரும்பியும் பார்க்கவில்லை.

இதை நான் அக்காவிடம் அப்போது சொல்லவில்லை. புரட்டாசியில் ஒரு ஞாயிறு போன் பண்ணியபோது பேச்சுவாக்கில் வந்துவிட்டது. பாம்புக் கதை எங்கள் இருவருக்கும் எப்போதும் ஒரு பகிடிதான். "ஒன் மருமக எப்படி இருக்கா?" என்று அவளே கேட்பாள். அன்றைக்கும் அப்படித்தான் கேட்டாள். நான் முட்டைக் கதையை முழுவதும் சொல்லி, இந்தக் குளிர்காலம் திரும்பவும் பார்க்கலாம் என்றிருக்கிறோம், அரவிந்து பிறகு பிறகு என்கிறான் என்று முடித்தேன்.

லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அக்கா? இருக்கீங்களா?"

"அது சும்மா சுத்திக்கிட்டுக் கெடந்துச்சா தம்பி?"

"ஆமாக்கா."

"எத்தன நாளு?"

"ஒரு ரெண்டு வாரம் இருக்கும்."

"எதுக்குடா அப்படிச் செய்றீங்க?" குரல் உடைந்துவிட்டது. "வருஷா வருஷம் அத ஆயத்தம் பண்ணுறதும், பொறகு பாப்போம்னு விடுறதும். வாயில்லா ஜீவன்டா அது. வேணாம்னா வேணாம்னு முடிச்சிருங்களேன். எனக்கு ஒருத்தரும் வேணாம்னு சொல்லலடா. அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னுதான் சொன்னாங்க. அன்னைக்கே வேணாம்னு சொல்லியிருந்தா, உருண்டு பொரண்டு ஒரு தடவ அழுது முடிச்சிருப்பேன்."

அக்கா இதைப் பற்றி என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அத்தான் செத்த வீட்டில்கூட இப்படி ஒரு சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அக்கா, அக்கா என்று மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் மூக்கைச் சிந்திவிட்டு, "சரி விடு. இங்க மழ பிடிச்சிருச்சு. செல்விய கேட்டேன்னு சொல்லு" என்று வைத்துவிட்டாள்.

6

கடிகாரம் திருப்புவதற்கு முதல் நாள் சனிக்கிழமை அரவிந்து வந்தான். செல்வி இடியப்பமும் சொதியும் வைத்தாள். மேசையில் வழக்கம்போல ஒரு சொல், இரண்டு சொல். சாப்பிட்டுவிட்டுக் கீழே இறங்கினோம். அவன் சூட்டைக் குறைக்கும் திருகில் கையை வைத்தான்.

"வேணாம் அரவிந்து" என்றேன்.

"நாளைக்கு செய்யலாமா?"

"நாளைக்கும் வேணாம். அடுத்த வருஷமும் வேணாம். நம்மகிட்ட அத்தன குட்டிக்கு வீடு இல்ல. இனியும் கிடைக்காது. நீ சொன்னதுதான் சரி. புரூனோவ நல்ல ஆளாப் பாத்துக் குடுத்திரு. இவ சாப்பிட்டுக்கிட்டு, சூட்டுல படுத்துக்கிட்டு, நிம்மதியா இருக்கட்டும்."

இதோடு இவனுடைய சனிக்கிழமைகளும் போய்விடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அவன் திருகிலிருந்து கையை எடுத்துவிட்டு, கவிழ்த்து வைத்திருந்த பெட்டிமேல் உட்கார்ந்தான். முதலில் ஜேர்மனில் தொடங்கினான். பிறகு நிறுத்தித் தமிழுக்கு வந்தான்.

"நான் போன வருஷமே வேணாம்னு நெனச்சேன் அப்பா."

"ஏன்டா சொல்லல?"

"நீங்க ரொம்ப ஆசையா இருந்தீங்க."

"எனக்கா ஆசை? பாம்புக் குட்டிமேலயா?"

"இல்ல." கொஞ்ச நேரம் சொல் தேடினான். "இங்க கீழ வந்தா நீங்க பேசுவீங்க. தோட்டம், மாத்தள, எல்லாம் சொல்லுவீங்க. மேல நீங்க பேச மாட்டீங்க. அதான் நான் வந்தேன்."

கூண்டின் கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டேன். அவனைத்தான் நான் பேசாத பிள்ளை என்று இத்தனை வருஷமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்காக அவனும் அவனுக்காக நானும் ஒரு வாயில்லாத ஜீவனைக் குளிரில் போட்டு வைத்திருக்கிறோம். அவன் எழுந்து வந்து என் தோளில் கையை வைத்தான். அப்படிச் செய்து பல வருஷம் இருக்கும். இரண்டு பேரும் அழுதோம். செல்வி படியில் வந்து நின்று என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று ஒரே நேரத்தில் சொன்னோம்.

மறுநாள் புரூனோவைத் துணிப்பையில் கட்டி, பெட்டிக்குள் வைத்து, காரில் கொண்டுபோனோம். இரண்டு மணி நேரத் தூரத்தில் ஓர் அம்மா ஆண் பாம்புகளை மட்டும் வைத்துப் பார்க்கிறார். இனப்பெருக்கம் செய்வதே இல்லை என்று முடிவெடுத்தவர். அரவிந்து போன மாதமே அவரிடம் பேசி வைத்திருந்தானாம். கொடுத்துவிட்டு வரும் வழியிலேயே அவனை ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை வருவாயா என்று நானும் கேட்கவில்லை, வருகிறேன் என்று அவனும் சொல்லவில்லை.

நேற்றுச் சனிக்கிழமை. வரவில்லை. மத்தியானம் போன் வந்தது.

"அவங்க சாப்பிட்டாங்களா அப்பா?"

"ஒரு முயல். முழுசாச் சாப்பிட்டா."

"நல்லது."

"ம்."

"வேற என்ன?"

"வேற ஒண்ணுமில்லடா."

அதற்குப் பிறகு அவனும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. அவன் பக்கத்தில் ட்ராம் போகும் சத்தம் கேட்டது. நான் மேலே சாப்பாட்டு மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். ஏதாவது சொல்லவேண்டும் என்று தேடித் தேடிப் பார்த்தேன். பெற்று வளர்த்த பிள்ளையிடம் பாம்பைத் தவிர வேறொன்றும் பேச நான் பழகியிருக்கவில்லை.

"அப்பா?" என்றான்.

"இருக்கேன்டா" என்றேன். "வச்சிராத."